புதுச்சேரியில் வாங்கிய மடக்குக் குறடு

விழுப்புரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் மாஸ்டர் ஒரு கரண்டியைத் தூக்கிப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் எறிந்தார். டொக்கென்று ஒரு சத்தம். இரும்பு பிளாஸ்டிக்கில் விழும் சத்தத்தைக் கேட்டால் மூன்று மாதமாக நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

கொழும்பில் ஒரு வாரம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் நடந்தது அது. பெட்டிக்குள் போட வேண்டிய மடக்குக் குறட்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். தப்பு என்னுடையதுதான். சோதனை மேசையில் நின்ற பெண் அதை இரண்டு விரலால் தூக்கினார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு புன்னகை செய்தார், நீல நிறத் தொட்டிக்குள் போட்டார். டொக். இருபது வருடம் என் இடுப்போடு இருந்த பொருள், நெயில் கட்டர்களுக்கும் லைட்டர்களுக்கும் நடுவே போய் விழுந்தது.

அந்தக் குறடு எனக்கு ஏன் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். இடது காலில் இடுப்புக்குக் கீழே கொஞ்சம் தள்ளித் தொடங்கி பாதம் வரை காலிப்பர் போட்டிருக்கிறேன். இரண்டு வயதில் வந்த போலியோ. இரண்டு இரும்புப் பட்டை, நாலு தோல் வார், முழங்காலில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டை ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கிறது. நடக்க நடக்க அது தளரும். தளர்ந்தால் பூட்டு நழுவும். பூட்டு நழுவினால் நான் விழுவேன். இவ்வளவுதான் கதை. மதுரையில் அதைச் செய்துகொடுத்தவர் ஸ்க்ரூவின் தலையில் ரம்பத் தகட்டால் மெல்லிசாக ஒரு காடிப் பள்ளம் கீறிவைத்தார். கடையில் கிடைக்கிற ஸ்க்ரூ டிரைவர் எதுவும் அந்தக் காடிக்குள் இறங்காது. என் பழைய குறட்டில் இருந்த மெல்லிய திருப்புளி இறங்கும். அதிலேயே வாரை வெட்டக் கத்தியும் ஆணியை இறுக்கக் குறடும் இருந்தன. இப்போது வரும் மடக்குக் குறடுகள் தடித்தவை. திருப்புளி நுனி உளி மாதிரி இருக்கிறது.

அதனால் மூன்று மாதமாக ஒரு துணிப் பையில் குறடு, கத்தி, நுனி தேய்த்த திருப்புளி என்று கட்டிக்கொண்டு, வேலை தேடும் பிளம்பரைப் போலத் திரிந்தேன். கிலுகிலுவென்று சத்தம் வேறு. புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய வெளிநாட்டுச் சாமான் வரும், அங்கே போய்ப் பார் என்று ஒரு தோழி சொன்னாள். நான் கிளம்புவதற்குக் காரணம் தேவையில்லை. காரணமும் கிடைத்தால் கேட்க வேண்டுமா.

கரண்டியின் சத்தம் கேட்ட வேகத்தில் கை தானாகத் துணிப் பையைத் தேடியது. இல்லை. புதுச்சேரி வண்டி பிடிக்க என்னை இங்கே இறக்கிவிட்ட பேருந்தின் மேல்தட்டில் அது சென்னையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா தேடறீங்க?" என்றார் மாஸ்டர்.

"ஒன்றுமில்லை" என்றேன். ஸ்க்ரூ அப்போதே அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. எனக்குச் சத்தத்தில் தெரியும்.

சனிக்கிழமை மாலை புதுச்சேரியில் லாட்ஜ் மேனேஜரிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். எதற்கு என்றார். பெட்டியின் கைப்பிடி ஆடுகிறது என்றேன். அவர் கொடுத்ததை வைத்து மாட்டுவண்டி அச்சைக் கழற்றலாம். அறைக்குப் போய் ஊசிநூல் டப்பாவிலிருந்து கறுப்பு நூலை எடுத்து ஸ்க்ரூவோடு சேர்த்துப் பட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன்.

ஏன் பொய் சொல்கிறேன் என்று கேட்கலாம். காரணத்தைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் குரல் மாறிவிடும். ஒரு படி கீழே இறங்கி, துணி போர்த்திக்கொண்டு வரும் அந்தக் குரல். என் நடையை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். ஆனால் வாயால் சொல்லாதவரைக்கும் குரல் அப்படியே இருக்கும். எந்த ஊரிலும் நான் நாலு நாளுக்கு மேல் தங்காததற்கு அந்தக் குரலும் ஒரு காரணம்.

நூல் கட்டின காலோடு கடற்கரைச் சாலைக்குப் போனேன். சாயங்காலம் அங்கே வண்டி விடுவதில்லை. ஊர் முழுக்கச் செருப்புச் சத்தமாக நடந்துகொண்டிருந்தது. எங்கள் மதுரையில் நடப்பது என்றால் எங்கேயோ போய்ச் சேர்வது; இங்கே தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போய்த் திரும்பி, போய்த் திரும்பி. அலை கறுங்கல்லில் மோதி உடைகிற இடைவெளிக்கும் என் காலடி இடைவெளிக்கும் கொஞ்ச நேரம் பொருந்தியது. பிறகு பொருந்தவில்லை. ஒரு மெஸ்ஸில் நீள ரொட்டியை அறுத்து மீன் குழம்போடு வைத்தார்கள். மதுரைப் பரோட்டா குழம்பில் ஊறி அடங்கிவிடும். இந்த ரொட்டி மேலோடு கடைசிவரை முறுக்கிக்கொண்டே இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிறு காலை சந்தை. மற்ற நாளில் கடைகள் இருக்கும் தெரு, அன்றைக்கு நடுவிலும் கடை. சட்டை, செருப்பு, செல்போன் உறை, குக்கர் மூடி, கொசுவலை. பழைய இரும்புக்காரர்கள் ஓர் ஓரமாகத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மூன்றாவது தார்ப்பாயில், பித்தளைச் சன்னல் கொக்கிகளுக்கும் பூட்டில்லாத சாவிகளுக்கும் இடையில் கிடந்தது அது. மூடினால் சீப்பு அளவு, விரித்தால் குறடு. என்னுடையதன் அண்ணன் மாதிரி இருந்தது, இன்னும் கொஞ்சம் பழசு. கைப்பிடியில் யாரோ ஊசியால் ஓர் எண்ணைக் கீறிவைத்திருந்தார்கள்.

"எடுத்துப் பாருங்கம்மா. பாத்தா காசு கேக்க மாட்டேன்" என்றார் கடைக்காரர். வெள்ளைத் தொப்பி, ஒழுங்காகக் கத்தரித்த தாடி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் கடைக்காரர் அவரைத் தாவூத் பாய் என்று கூப்பிட்டார்.

"எங்கே கிடைத்தது பாய்?"

"கருவடிக்குப்பத்துல ஒரு சொல்தா வீடு. பெரியவரு பிரான்சு பட்டாளத்துல இருந்தவரு. பசங்க அங்கயே செட்டில் ஆயிட்டாங்க, அவரையும் கூட்டிக்கினு போயிட்டாங்க. வீட்ட காலி பண்ணாங்க. மூணு நட ஏத்தினு வந்தேன். ஒரு கட்டிலு, நாலு சேரு, இந்தப் பொட்டி. மனுஷன் ஒரு ஆணியக் கூட வீணாக்கல."

பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை இந்த ஊரில் சொல்தா என்கிறார்கள். அந்த முகம் தெரியாத சொல்தா கத்தி, அரம், சிறு ரம்பம் எல்லாவற்றையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். வீடு பூட்டிக் கிடந்த காலத்தில் கடற்காற்று உள்ளே புகுந்திருக்கிறது. திருப்புளி பாதிதான் வெளியே வந்தது. நுனியை நகத்தால் தடவினேன். மெல்லிசு. என் நகத்தின் கனம். அதே மெல்லிசு. ஒரு கணம் சந்தைச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை.

"அது துரு. நைட்டு பூரா மண்ணெண்ணெயில ஊற வெச்சா வந்துடும். எதுக்கும்மா ஒங்களுக்கு?"

"பழம் நறுக்க" என்றேன்.

"பழம் நறுக்கவா?"

"ஊர் ஊராய்ப் போகிறவள் பாய். பேருந்தில் கொய்யாப்பழம், மாம்பழம்."

அவர் என்னைப் பார்த்தார், குறட்டைப் பார்த்தார். "சரி. நாளைக்கி அரியாங்குப்பம் வாங்க. ஊட்லதான் இருப்பேன். நல்லா ரெடி பண்ணி வெக்கிறேன்." வீட்டுக்கு வழி சொன்னார். விலை பேசினோம். இரண்டு பேருக்கும் திருப்தி.

திங்கட்கிழமை அரியாங்குப்பத்துக்கு நகரப் பேருந்து. பாலத்தில் ஏறும்போது காயல் வாசனை உள்ளே வந்தது, சேறும் உப்பும். பாலத்தின் இறக்கத்தில் ஓட்டுநர் பிரேக் போட்டார். நூல் அறுந்தது. ஸ்க்ரூ தரையில் விழுந்து ஓடிய சத்தம் எனக்கு மட்டும் இடி மாதிரி கேட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா விழுந்துச்சி?" என்றார் மீன் கூடை வைத்திருந்த அம்மாள்.

"சின்ன ஸ்க்ரூ."

பேருந்தே குனிந்து தேடியது. நடத்துநர் டார்ச் அடித்தார். கடைசியில் மீன் கூடைக்கு அடியிலிருந்து அந்த அம்மாளே எடுத்துக் கொடுத்தார்.

"அய்யே, இதுக்கா? நான் தோட்டுத் திருகுன்னு நெனச்சி பதறிட்டேன். எதுல போடறது இது?"

"கைப்பைக்கு."

அவர் என் கைப்பையைப் பார்த்தார். அதில் ஸ்க்ரூ போட இடமே இல்லை. "சரி, பைக்கின்னா பைக்குதான்" என்று சொல்லிவிட்டு, நான் இறங்கும்போது முழங்கைக்கு அடியில் கைகொடுத்து இறக்கிவிட்டார். கேட்காமல், பார்க்காமல், கூடையை ஒரு காலால் அணைத்துக்கொண்டே.

ஸ்க்ரூவை விரலால் திருகிவிட்டு, தொடைப் பக்கம் கையை ஊன்றி, முழங்காலைப் பின்னால் அழுத்தி அழுத்தி நடந்தேன். இருநூறு தப்படி. தாவூத் பாய் வீடு ஓட்டு வீடு, முன்னறையில் தையல் மெஷின். அவர் மனைவி மைமூன் ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் உட்காரும்வரை மெஷினை மிதிக்கவில்லை.

"வாங்கக்கா. ஒங்க கத்திக்குத்தான் நேத்து ராத்திரி எங்க ஊட்ல தூக்கம் இல்ல."

பாய் ஒரு துணியை விரித்து, குறட்டை அதன்மேல் வைத்தார். கையில் தரவில்லை. கூரான பொருளைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டிலும் கீழே வைத்துத்தான் எடுப்போம். எடுத்தேன். துரு போன இடம் தெரியவில்லை. கத்தி வாழைமட்டை கிழிகிற மாதிரி திறந்தது. நான் கீழே வைத்ததும் பாய் அதை எடுத்து, ஒரு கொய்யாவைக் கையில் வைத்தபடியே நறுக்கிக் காட்டினார். கண்ணாடித் தாள் போலத் துண்டுகள் விழுந்தன.

"சாண புடிக்கறவரு நம்ம சிநேகிதரு. காலைல மொத வேல இதுதான். எல்லாத்தையும் புடிச்சாச்சி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்." திருப்புளியை வெளியே இழுத்தார். நுனி வெள்ளியாக மின்னியது. தட்டையாக இருந்த விளிம்பு இரண்டு பக்கமும் சரிந்து கத்தி வாயாகியிருந்தது. "பழத்துக்குத் திருப்புளி எதுக்கு? இத சும்மா உடாம இதுக்கும் ஒரு வாய் எடுக்கச் சொன்னேன். மாங்கொட்டைய நோண்டலாம், கொய்யா வெதைய எடுக்கலாம்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் கொய்யாத் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றேன். அவர் கீழே வைத்த குறட்டை எடுத்துக்கொண்டு, மறைவாக முழங்கால் பக்கம் குனிந்து, புடவைக்கு மேலாகவே ஸ்க்ரூவைத் தேடிப் பிடித்து நுனியை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். காடியில் நிற்காமல் சறுக்கி, புடவையைக் கிழித்து, கட்டைவிரலில் ஏறியது.

"ரத்தம்" என்றார் மைமூன். கையில் ஒரு வெட்டுத் துணியைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே புருஷனைப் பார்த்தார். "ஏங்க, நேத்து இன்னா சொன்னீங்க? அந்தம்மா திருப்புளி நுனிய நகத்தால தடவிப் பாத்துச்சின்னு சொன்னீங்கல்ல. பழம் நறுக்கறவங்க கத்தியத் தடவாம திருப்புளியத் தடவுவாங்களா? இத்தினி வருஷமா யாவாரம் பண்றீங்க."

பாய் கையிலிருந்த கொய்யாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

அப்போது நான் புடவைக் கரையை முழங்கால்வரை தூக்கினேன். பட்டை, வார், பூட்டு, அறுந்த கறுப்பு நூல். அந்நியர் வீட்டில் இதைச் செய்ததில்லை. "இந்த ஸ்க்ரூவுக்குத்தான் பாய். இந்தக் காடிக்கு அந்த நுனி மட்டும்தான் இறங்கும். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

குரல் மாறப்போகிறது என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, நான் எத்தினி தடவ கேட்டேன்?" என்றார் தாவூத் பாய். குரல் மாறவில்லை, கோபம்தான் வந்தது. "எதுக்குன்னு கேட்டேன். பழம் நறுக்கவான்னு ரெண்டாவது தடவயும் கேட்டேன். நீங்க நடக்கறதப் பாத்தேன், அதக் கேக்கக் கூடாதுன்னு உட்டேன். சாமான் விக்கறவன் கிட்ட எதுக்குன்னு மறைச்சா அவன் இன்னாத்த விப்பான்? நல்ல நுனிய நாஸ்தி பண்ண வெச்சிட்டீங்களே என்னய."

"என் தப்புதான்."

"தப்பு கெடக்கட்டும். அதக் கழட்டுங்க."

"எதை?"

"கால்ல இருக்கறத. அத வெச்சிப் பாக்காம அரம் போட முடியாது."

காலிப்பரை நான் தூங்கும்போது கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் வைப்பேன். பிறர் கையில் கொடுப்பதில்லை. மைமூன் புருஷனைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, வார்களை நான் அவிழ்க்க அவிழ்க்கப் பிடித்துக்கொண்டார். கழற்றிய பிறகு நாற்காலியில் நான் ஒரு சாமான் மாதிரி இருந்தேன். எழுந்து வாசல்வரை போக முடியாது. அந்த இரும்பு அறையின் அந்தப் பக்கம், பாயின் மடியில் கிடந்தது.

அவர் முதலில் சாணை பிடித்த வாயை அரத்தால் தேய்த்து மழுக்கி, நேர்விளிம்பாக்கினார். காடியில் வைத்தார். இறங்கவில்லை, மேலே போகப் போகத் திருப்புளி தடித்துக்கொண்டே போகிறது. இரண்டு முகத்தையும் தேய்த்தார். வைத்தார். இறங்கியது, திருப்பினால் ஒரு மூலை மடங்கியது. சாணையின் சூட்டில் இரும்பு இளகியிருக்கிறது என்றார். மடங்கிய இடம்வரை வெட்டி எடுத்தார். திருப்புளி இப்போது கைப்பிடிக்கு வெளியே ஒரு விரல்நக அளவுதான் நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் எவ்வளவு இருக்கிறது பாய்?"

"ஒரு தடவைக்கி இருக்குது. அதுக்கு மேல போனா கைப்பிடி இடிக்கும், நுனி எட்டாது."

"பேசாம நாளைக்கி அந்த சாணக்காரரயே கூப்புடலாம்" என்றார் மைமூன்.

"அவன் இதுக்கும் வாய் எடுப்பான். சும்மா இரு."

மெஷின் நின்றுபோயிருந்தது. வெளியே யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள். அரம் ஒரே திசையில் போய்வந்தது: இழுப்பு, நிறுத்தி நகத்தால் தடவல், இழுப்பு. அவர் தடவின விதம் நேற்று நான் தடவின விதம். நான் எழுதிப் பிழைக்கிறவள். ஒரு சொல்லை இவ்வளவு தேய்த்ததுண்டா என்று யோசித்தேன். அந்த யோசனையும் அப்போது எனக்கு உதவவில்லை. ஊருக்கு எப்படிப் போவது என்பதுதான் மனதில் ஓடியது. தூக்கிக்கொண்டு போய் ஏற்றுவார்கள். குரல்கள் மாறும்.

பாய் நுனியைக் காடியில் வைத்தார். அழுத்தினார். திருப்பினார்.

ஸ்க்ரூ கால் சுற்று நகர்ந்தது. இன்னும் கால் சுற்று. நுனி சறுக்கவில்லை. கடைசியில் டிக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை மூன்று பேருமே கேட்டோம்.

மைமூன் எழுந்து மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார், ஒன்று பூட்டுக்கு, ஒன்று குறட்டுக்கு. "நீங்களே ஒரு தடவ திருப்பிப் பாருங்கக்கா. அவரு கைக்கு நின்னா போதாது." கட்டுப்போட்ட விரலோடு திருப்பிப் பார்த்தேன். நின்றது. வார்களைக் கட்டிக்கொண்டு எழுந்தேன். முன்னறையிலிருந்து வாசல், வாசலிலிருந்து முன்னறை. பாய் என் காலைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஸ்க்ரூவைக் காதால் கவனித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, பாயிடம் சொல்லியிருந்தபடியே, விழுப்புரம் போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. குறடு இடுப்பில், பழைய இடத்தில். அதன் கனம் ஒரு பக்கமாக இழுக்கும்போதுதான் எனக்கு உடம்பு நேராக நிற்கிற மாதிரி இருக்கிறது. அதற்குள் இரண்டு வேலை செய்துவிட்டது: லாட்ஜ் மேனேஜரின் மேசை இழுப்பறைக் குமிழை இறுக்கியது, ஒரு சோடா மூடியைத் திறந்தது. மேனேஜர், பெட்டிக் கைப்பிடி சரியாயிற்றா என்று கேட்டார். பெட்டிக்கில்லை, காலுக்கு என்றேன். அப்படியா என்று சொல்லிவிட்டுக் குமிழை ஆட்டிப் பார்த்தார்.

வண்டி கிளம்பும் நேரத்தில் சன்னலுக்கு வெளியே வெள்ளைத் தொப்பி. தாவூத் பாய் மொபெட்டைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"நின்னுச்சா?"

"நிற்கிறது பாய். நேற்றிலிருந்து ஒரு நூல்கூடத் தளரவில்லை."

பக்கத்து இருக்கைப் பெண் "எது நிக்குது?" என்றாள்.

"என் கால்ல ஒரு ஸ்க்ரூ" என்றேன்.

"ஓ" என்றாள் அவள், அதே குரலில். காலை ஒதுக்கி எனக்கு இடம் விட்டாள்.

நடத்துநர் விசில் கொடுத்தார். பாய் சன்னல் கம்பிக்குள் ஒரு பையைத் திணித்தார். உள்ளே அரைப்பழமாக ஆறேழு கொய்யா. வண்டி நகர, அவரும் நாலு எட்டுக் கூடவே நடந்தார்.

"மைமூன் குடுத்தா. நறுக்கறதுக்கு வேற கத்தி வாங்கிக்குங்க."